மலிவின் கடன்

காபி வாரியம் தன் காபி நிலையங்களை மூடியபோது வேலையிழந்த ஊழியர்கள், ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தால் 1957-இல் பெங்களூரில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். ‘இந்தியன் காபி ஹவுஸ்’ அவர்களுடையதாயிற்று. பரிமாறுபவரே உரிமையாளரும் ஆனார். எனினும் மகாத்மா காந்தி சாலையில் பல்லாண்டுகள் நடந்த அவர்களது கடை 2009-இல் சர்ச் தெருவுக்கு இடம்பெயர நேர்ந்தது.

நல்லெண்ணத்துடன் நடத்தப்படும் உணவகம் ஏன் தள்ளாடுகிறது? அதன் வருவாயில் சரக்கு, வாடகை, ஊதியம் மூன்றும் பங்கு கேட்கின்றன. நியாயமான ஊதியம் தருபவர் என்பதற்காகப் பால்காரரோ கட்டட உரிமையாளரோ தம் பங்கைக் குறைப்பதில்லை. விலையை உயர்த்தினாலோ, உண்பவர் அடுத்த கடைக்குச் செல்கிறார்.

ஆகவே நியாய ஊதியம் முதலாளியின் தர்மம் மட்டுமன்று. உண்பவரின் தர்மமும் ஆகும். நாம் கொடுக்க மறுக்கும் விலையை, யாரோ ஒரு தொழிலாளி தம் உழைப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.