டாப் மாடல் யாருக்காக?

"பேஸ் மாடலா சார் பார்க்கிறீங்க?"

ஷோரூமில் இந்தக் கேள்வி உன் மேல் விழும். கேட்கிறவர் வார்த்தையில் மரியாதை குறையாது. குரலில் மட்டும் ஒரு இறக்கம் இருக்கும். அந்த இறக்கத்தில் வழுக்கி விழுந்தவர்கள் எத்தனையோ பேர். ஐந்து வருடத் தவணையை ஏழு வருடமாக நீட்டிக்கொண்டு, கூரை முழுக்கக் கண்ணாடி வைத்த வண்டியோடு வெளியே வந்தார்கள். வெயில் தாங்காமல் அந்தக் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டுதான் இன்றும் ஓட்டுகிறார்கள்.

விற்பவரைக் குறை சொல்லாதே. விற்பது அவர் வேலை, வாங்குவது உன் வேலை. அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். நீ செய்தாயா?

மகிந்திரா தார் வாங்க ஆசைப்பட்டவன் நீ. ஆசைப்பட்டதில் ஒரு குற்றமும் இல்லை. மாதச் சம்பளக்காரனுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எதற்கு என்று கேட்கும் சித்தப்பாவுக்கு நீ பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே சித்தப்பா அடுத்த கல்யாணத்தில் "டாப் எண்டா?" என்று கேட்பாரே என்று பயந்து மாடலைத் தேர்ந்தெடுத்தாயானால், ஆர்.சி. உன் பெயரில் இருக்கும், வண்டி அவருடையது. தவணை மட்டும் உன் கணக்கில் போகும்.

நிமிர்ந்து நில். விலைப்பட்டியலை வாங்கு. படிக்கத் தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது.

2024 ஆகஸ்டில் மகிந்திரா ஐந்து கதவு தார் ராக்ஸை இறக்கியது. நாலு சக்கர இழுவை உள்ள டீசல் வண்டிகளின் விலை அடுத்த மாதம் வந்தது. எம்எக்ஸ்5 மேனுவலின் அன்றைய ஷோரூம் விலை 18.79 லட்சம், ஏஎக்ஸ்7எல் மேனுவல் 20.99 லட்சம். நடுவில் இருந்தது 2.20 லட்சம். அந்தப் பணத்துக்கு என்ன வருகிறது? பெரிய கண்ணாடிக் கூரை, காற்று வீசும் சீட், ஹார்மன் கார்டன் ஸ்பீக்கர், சுற்றிலும் காட்டும் கேமரா, தானே பிரேக் பிடிக்கும் ஏடாஸ். நல்லது. சேற்றில் புதைந்த வண்டியை வெளியே கொண்டுவர என்ன வருகிறது?

ஒன்றுமில்லை! மெதுவாக, பலமாக இழுக்கும் லோ ரேஞ்ச் கியர் இரண்டிலும் உண்டு. பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக் இரண்டிலும் உண்டு. அதே லேடர் ஃபிரேம், அதே 2.2 லிட்டர் டீசல். ஒரு பின் சக்கரம் குழியின் மேல் தொங்குகிறது என்று வைத்துக்கொள். பூட்டாத டிஃபரன்ஷியலில் தொங்குகிற சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், தரையில் நிற்கிற சக்கரம் அசையாது. பூட்டினால் இரண்டும் சேர்ந்தே சுற்றியாக வேண்டும். தரையில் நிற்பது வண்டியைத் தள்ளிவிடும். அந்த ஒரு பட்டன்தான் ராத்திரி உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அது இந்த இரண்டில் விலை குறைந்த மாடலிலேயே இருக்கிறது. "பேஸ் மாடலா" என்று யாராவது கேட்டால், "லாக் இருக்கிற மாடல்" என்று சொல்.

இன்னும் கொஞ்சம் குனி. டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருப்பதைப் படி. எம்எக்ஸ்5-இல் 255/65 ஆர்18 என்றிருக்கும், ஏஎக்ஸ்7எல்-இல் 255/60 ஆர்19. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயர்ச் சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். போனை எடுத்துக் கணக்குப் போடு. முதல் டயரின் சுவர் 166 மி.மீ., இரண்டாவதின் சுவர் 153 மி.மீ. ஆனால் டயரின் மொத்த உயரம் இரண்டுக்கும் ஒன்றே, 789 மி.மீ. அதாவது, கூடுதலாகப் பணம் கட்டியவனுக்கு ரிம் பெருத்து, ரப்பர் 13 மி.மீ. இளைத்துப் போயிருக்கிறது. கூர்மையான கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நின்று அடி வாங்குவது அந்த ரப்பர்ச் சுவர். மணலில் காற்றைக் குறைத்ததும் பக்கவாட்டில் பிதுங்கி, தரையை நீளமாகப் பிடித்துக்கொள்வதும் அதுவே. பத்து நிமிடக் கணக்கு இது. எந்த விற்பனையாளரும் உனக்காகப் போட்டுக் காட்டமாட்டார். நீயே போட்டாய் அல்லவா? ஷோரூமில் உன் குரல் அன்றிலிருந்து மாறிவிடும்.

பழைய வண்டி வாங்கப் போகிறாயா? அங்கேயும் இதே கதை. 2020 அக்டோபர் 2 அன்று வந்த மூன்று கதவு தாரில் ஏஎக்ஸ் மாடல் இரும்பு ரிம்மில் 245/75 ஆர்16 டயரோடு வந்தது. சுவர் 184 மி.மீ. எல்எக்ஸுக்கு 18 அங்குல அலாய். தரகர் ஏஎக்ஸைக் காட்டி "லோயர் வேரியண்ட்தான்" என்று உதட்டைப் பிதுக்குவார். பிதுக்கட்டும், விலையைக் குறைக்க உனக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. இரும்பு ரிம் நெளிந்தால் வழியோரப் பட்டறையில் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்; அலாய் வெடித்தால் புதிதுதான். ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்துவிடு: 2023 ஜனவரிக்குப் பிறகு பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனையில் உண்டு. கியர் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் நிற்கிறதா என்று பார். அது இல்லையென்றால், மேலே எத்தனை விளக்கு மாட்டியிருந்தாலும் அது நாலு சக்கர இழுவை வண்டி ஆகாது.

ஜிம்னியில் இந்தத் தலைவலியே இல்லை. 2023-இல் மாருதி அதை ஸீட்டா, ஆல்ஃபா என்று இரண்டு மாடலில் விற்கத் தொடங்கியபோது இரண்டிலுமே லோ ரேஞ்ச் இருந்தது. ஸ்கிரீன் அளவு, அலாய் போன்றவற்றில்தான் வித்தியாசம்.

இதைக் கேட்டுவிட்டு, டாப் மாடல் வாங்குகிறவன் முட்டாள் என்று முடிவு கட்டிவிடாதே. சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் வாரா வாரம் ஓடுகிறவனுக்கு ஏடாஸும் காற்று வீசும் சீட்டும் ஆடம்பரம் ஆகாது. அவன் ஆட்டோமேட்டிக் ஏஎக்ஸ்7எல்லைத் தலை நிமிர்ந்து வாங்கட்டும். மண்பாதையே மிதிக்கப் போவதில்லை, அந்தத் தோற்றம்தான் பிடித்திருக்கிறது என்றால் பின் சக்கர இழுவையே போதும். அதிலும் வெட்கம் வேண்டாம். உன் வண்டி வருடத்தில் எத்தனை நாள் தார் ரோட்டை விட்டு இறங்கும் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். உண்மையைச் சொல்லத் துணிச்சல் வேண்டிய கேள்வி அது ஒன்றே. மாடலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அதற்குப் பதில் எழுதி வை.

தங்கச்சி, உனக்கும் ஒரு வார்த்தை. காசு உன்னுடையது, கையெழுத்து உன்னுடையது, விற்பனையாளர் மட்டும் உன் அண்ணன் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிறாரா? "லோ ரேஞ்சில் போட்டுக் காட்டுங்க, டிஃப் லாக்கைப் பூட்டிக் காட்டுங்க" என்று சொல். அவர் முகம் தானாக உன் பக்கம் திரும்பும்.

இப்போது இரண்டாவது மயக்கத்துக்கு வருகிறேன். வண்டி வந்து ஒரு மாதம் ஆகியிருக்காது, "ரெண்டு இன்ச் ஏத்திடலாமா?" என்று நண்பர்கள் ஆரம்பிப்பார்கள். அவன் வண்டியை ஏற்றிவிட்டான், இவன் வண்டி எகிறி நிற்கிறது, நம் வண்டி குட்டையாகத் தெரிகிறது! ஒப்பிட்டுப் பார்த்துப் புழுங்கும் இந்த நோய் பள்ளி மார்க் ஷீட்டோடு போயிருக்க வேண்டியது. போகவில்லை, ஸ்பிரிங்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார். சட்டை அழுக்காகட்டும். தாரின் பின்பக்கம் ஒரு முழு இரும்பு அச்சு, அதன் நடுவில் பூசணிபோல் டிஃபரன்ஷியல். பாறையில் முதலில் இடிபடக்கூடிய இடங்களில் அது ஒன்று. இரண்டு அங்குல ஸ்பிரிங் போட்டு ஏற்றினால் பாடி உயரும், பம்பர் உயரும், அந்தப் பூசணி ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது சக்கரத்தின் நடுவோடு கட்டப்பட்டது. அதை உயர்த்த டயர்தான் உயர வேண்டும், அதுவும் டயர் இரண்டு அங்குலம் வளர்ந்தால் பூசணி ஒரு அங்குலம்தான் எழும்பும். முன்பக்கத்தில் சக்கரங்கள் தனித்தனியாக ஆடுகின்றன. அங்கே ஏற்றினால் சிவி ஜாயின்ட் சாய்ந்த கோணத்திலேயே நாள் முழுக்கச் சுழல வேண்டும். அதை மூடிய ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் ஒழுகும், ஜாயின்ட் கடகடக்கும். வெறும் ஸ்பேசர் வைத்து ஏற்றுவது இன்னும் மோசம். சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் கூடாது, உயரம் மட்டும் கூடும். குதிகால் செருப்பு போட்டுக்கொண்டு ஓட்டப் பந்தயத்துக்குப் போன மாதிரிதான்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஏற்றிய வண்டியை அங்கே இறக்கிப் பார். ஒவ்வொரு வளைவிலும் அது தோளைச் சாய்க்கும். எடை மேலே போய்விட்டதல்லவா? மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறது, சோதனைத் தடம் செய்யாற்றுப் பக்கம். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றுக்கொன்று பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். அதை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ஏன் மாற்றுகிறோம் என்று தெரியாமல் ஒரு மத்தியானத்தில் கழற்றி எறியாதே என்கிறேன்.

கொழுக்குமலைக்குப் போயிருக்கிறாயா? மலை தேனி மாவட்டத்தில், பாதை தொடங்குவது கேரளத்துச் சூரியநெல்லியில். பாதை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான், முழுக்கக் கல். விடிவதற்கு முன்பே பழைய மகிந்திரா ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகின்றன. பட்டை ஸ்பிரிங்கில் ஓடிப் பழகிய ஜீப்புகள் அவை. அங்கே ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார். லோ ரேஞ்சில் முதல் கியர், ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும் இருக்கும். பெரிய கல் வந்தால் அதை நடுவில் விட்டுக் கடக்கமாட்டார். டயரை அதன் மேலேயே ஏற்றி இறக்குவார், பூசணிக்கு வழி கிடைக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கத்துவார்கள், அவர் வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார். அந்தக் கால் எந்தக் கடையிலும் கிட்டாக விற்பதில்லை. உனக்கும் வரும், ஓட்டினால் வரும்! மூன்று கதவு தாருக்குக் கம்பெனி கொடுத்த 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸும் 650 மி.மீ. தண்ணீர் தாண்டும் அளவும் போதாது என்று சொல்ல உனக்கு இன்னும் உரிமை வரவில்லை. முதலில் அந்த எல்லை வரை போய்ப் பார்.

சட்டத்தையும் தெரிந்துகொள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. செக் போஸ்டில் நின்று வாக்குவாதம் செய்வதற்குப் பெயர் தன்னம்பிக்கை இல்லை. இன்சூரன்ஸ்காரர் கை விரிக்கும்போது நண்பர்கள் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

சரி, எதைத்தான் செய்வது? வேலையை மலிவானதிலிருந்து ஆரம்பி. ஒரு நல்ல பிரஷர் கேஜ், சின்ன கம்ப்ரஸர். மண்ணில் இறங்கும்போது காற்றைக் குறை; தளர்ந்த மணலில் 18, 20 பி.எஸ்.ஐ. வரைகூட இறக்கலாம். ரோட்டுக்கு ஏறுமுன் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குத் திரும்ப நிரப்பு. மறந்தால் டயர் சூடேறி வெடிக்கும். பலர் லட்சம் செலவழித்துத் தேடும் சொகுசும் பிடிப்பும் இந்தக் காற்றிலேயே கிடைத்துவிடுகிறது. அடுத்தது, தேய்ந்த டயரை மாற்றும்போது அதே அளவில் தரமான ஆல் டெரெய்ன் டயர்.

அதற்கப்புறம் ஓட்டு. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஓட்டு. எங்கே அடி தட்டியது, எந்தப் பக்கம், ஆள் எத்தனை பேர், சாமான் எவ்வளவு என்று குறித்துக்கொண்டே வா. நீண்ட கரடுமுரடுப் பாதையில் வண்டி படகுபோல் ஆடிக்கொண்டே போனால் சந்தேகப்பட வேண்டியது ஷாக் அப்சார்பரை. ஸ்பிரிங் எடையைத் தாங்கும். அதன் துள்ளலை அடக்குவது ஷாக். தொடர்ந்து அடி வாங்கினால் உள்ளே எண்ணெய் சூடேறி அடக்கும் சக்தி குறையும். அப்படியானால் ஸ்பிரிங்கைத் தொடாமல் நல்ல ஷாக் மட்டும் போட்டுப் பார். பின்பக்கம் எப்போதும் சாமான் ஏறிப் படிந்தே போகிறது என்றால்தான் கனமான ஸ்பிரிங். வெறும் வண்டியில் அதைப் போட்டால் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகெலும்பில் கணக்கு எழுதும். எதை மாற்றினாலும் வீல் அலைன்மென்டும் ஹெட்லைட் கோணமும் அன்றைக்கே சரிபார்த்தாக வேண்டும்.

அந்தக் குறிப்பு நோட்டோடு பட்டறைக்குப் போ. "எத்தனை இன்ச் ஏத்தணும் தம்பி?" என்றுதான் முதல் கேள்வி வரும். இன்ச்சைச் சொல்லாதே. "அண்ணே, பின்னாடி எப்பவும் நூத்தம்பது கிலோ இருக்கும், ஆள் நாலு பேர், வலது பக்க ஷாக் ஒழுகுது, சிவி பூட் நல்லா இருக்கு, நானே பார்த்தேன்" என்று சொல்.