குதிரையின் தீனியும் காரின் பெட்ரோலும்



வாகனம் அல்லாஹ்வின் அருட்கொடைகளில் ஒன்று. குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் நாம் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் கூறும் இறைவன், நாம் அறியாதவற்றையும் படைப்பதாக அங்கேயே சேர்த்துச் சொல்கிறான். இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களும் அந்த 'அறியாதவை'களில் அடங்கும். 'அலங்காரம்' என்பதை அவனே எடுத்துச் சொல்லியிருக்க, அழகான வாகனத்தை விரும்புவதே பாவம் என்று கூற நமக்கு ஏது அதிகாரம்? வசதியான வாகனத்தை மனிதனுடைய நற்பேறுகளில் ஒன்றாக நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களும் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் வாகனத்தை வாங்குவது ஒரு நாள் காரியம். அதற்குத் தீனி போடுவது அன்றாடக் காரியம். வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கிறோம், தீனியைப் பார்ப்பதில்லை. இதைப் பற்றித்தான் இம்மாதம் சிறிது சிந்திக்கப் போகிறோம்.

விழுப்புரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் நமக்கு நெடுநாள் பழக்கம். திண்டிவனத்திலும் அவருக்கு ஒரு கிளைக் கடை உண்டு. வாரத்தில் ஆறு நாளும் காலையில் போய் மாலையில் திரும்புவார். பத்து வருடத்துக்கு முந்திய சிறிய பெட்ரோல் கார் ஒன்று அவரிடம் இருக்கிறது. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், புதுக் கார் பார்த்திருக்கிறேன். ஒரு சுற்றுப் போய் வருவோமா?" என்றார்.

போனோம். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த வெர்டஸ், ஸ்லாவியா போன்ற கார்களில் பொருத்தப்படும் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சின் அதில் இருந்தது. நூற்றைம்பது குதிரைத்திறன் என்றார். விக்கிரவாண்டி வரை போய்த் திரும்பினோம். அவர் காலை அழுத்தியதும் நம் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. மறைப்பானேன்? பஸ்ஸிலேயே பிரயாணம் செய்து பழகிய நம்முடைய நஃப்ஸும் அப்போது "இன்னும் கொஞ்சம்" என்றுதான் சொல்லிற்று.

இறங்கியதும் அவர் கேட்டார்: "ஹஜ்ரத், இது ஹராமா?"

"கார் ஹராமில்லை பாய். கணக்கைப் பார்ப்போம், வாருங்கள்" என்றோம்.

பில் புத்தகத்தின் பின்பக்கம்

கடையில் உட்கார்ந்து ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினோம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போக வர 80. மாதம் 25 நாள், வருடம் 300 நாள் என்றால் 24,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டோம். பழைய கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தருகிறது, வருடம் 1,200 லிட்டர், ரூ. 1,20,000. புதிய காரை அது ஆசை காட்டுகிறபடியெல்லாம் விரட்டி, லிட்டருக்கு 12 கிடைத்தால் 2,000 லிட்டர், ரூ. 2,00,000. வித்தியாசம் 80,000 ரூபாய்.

இதில் எஞ்சினைக் குறை சொல்வதற்கில்லை. நிதானமாக ஓட்டினால், சுமை குறைந்த நேரத்தில் தன் நான்கு சிலிண்டர்களில் இரண்டை அது தானே நிறுத்திக்கொண்டு பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது. இரும்புக்கே அவ்வளவு சிக்கனம் தெரிகிறது! வேகம் இரட்டித்தால் எதிர்க்காற்றின் தடை நான்கு மடங்காகிறது. பணம் அந்தக் காற்றில்தான் கரைகிறது. அந்த மாதிரிக் காரை வாங்கி விட்டு, விரட்டாமல் ஓட்டுகிறவர் எத்தனை பேர்?

அடுத்தது தேய்மானம். காப்பீட்டுக் கம்பெனிகள் கையாளும் அட்டவணைப்படி, காரின் மதிப்பு ஆறு மாதம் தாண்டியதும் 15 சதவிகிதம் குறைகிறது. நாலு வருடம் தாண்டினால் 50 சதவிகிதம். கார் 15 லட்சம் என்றால், ஐந்தாம் வருடத்தில் ஏழரை லட்சம் போய்விட்டது. வருடத்துக்கு ஒன்றரை லட்சம்! இது பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணமில்லை என்பதால் யாருக்கும் வலிப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள்வரி 18 சதவிகிதம். 15 லட்சத்துக்கு ரூ. 2,70,000. மூன்றாம் நபர் காப்பீட்டில் மட்டும் பழைய காருக்கும் புதிய காருக்கும் வித்தியாசமில்லை. இரண்டும் 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள ஒரே பிரிவு. காரின் சொந்தச் சேதத்துக்கான பிரிமியம்தான் விலையோடு சேர்ந்து ஏறும். அகன்ற, மெல்லிய டயர்களின் விலையும், சர்வீஸ் கூலியும் தனி.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "பத்து லட்சம் பேங்கில் வாங்கலாமென்று இருக்கிறேன்." 9 சதவிகித வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை ரூ. 20,758 வருகிறது. கூட்டிப் பார்த்தால் வட்டி மட்டும் ஏறக்குறைய ரூ. 2,45,000. வருடத்துக்கு 49,000.

மூன்றையும் கூட்டினோம். பெட்ரோல் வித்தியாசம் 80,000, தேய்மானம் 1,50,000, வட்டி 49,000. ஆக ரூ. 2,79,000. முந்நூறு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 930 ரூபாய். இதனால் கிடைக்கும் இலாபம் என்ன? 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரமாகும் தூரத்தை, 100 கிலோமீட்டர் வேகத்தில் 24 நிமிஷத்தில் கடக்கலாம். போக வர 12 நிமிஷம். அந்த 12 நிமிஷத்தையும் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடி வரிசையும் திண்டிவனம் டவுன் நெரிசலும் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

மூன்று குதிரைகள்

சகோதரர்களே! காரைப் பற்றி ஹதீஸில் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நீண்ட ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. குதிரை மூவருக்கு மூன்று விதம் என்று நபி (ஸல்) அவர்கள் அதில் விளக்குகிறார்கள். அல்லாஹ்வின் பாதையில் வைத்திருப்பவனுக்கு அது நற்கூலி. தன் தேவைக்காக வைத்து, அதில் அல்லாஹ்வுக்குரிய கடமையை மறவாதவனுக்கு அது வறுமையை மறைக்கும் திரை. பெருமைக்கும் பகட்டுக்கும் வைத்திருப்பவனுக்கு அது பாவச்சுமை.

முதலாமவனின் குதிரை மேயும் புல்லும், ஓடும்போது பதியும் குளம்படியும், போடும் சாணமும், எஜமான் எண்ணாமலேயே அது ஆற்றில் குடித்துவிடும் தண்ணீரும்கூட அவனுக்கு நன்மையாக எழுதப்படுகின்றன. கவனித்தீர்களா? குதிரையின் விலை அங்கே பேசப்படவில்லை. தீனியும் தண்ணீரும் ஓட்டமும்தான் பேசப்படுகின்றன. இன்றைய பாஷையில் சொன்னால் பெட்ரோலும் டயரும் சர்வீஸும். வாகனத்தின் அன்றாடச் செலவுதான் மறுமையின் மீஸான் தராசில் ஏறுகிறது. எந்தத் தட்டில் என்பதை நிய்யத்து தீர்மானிக்கிறது.

அப்போது, "கழுதைகளைப் பற்றி?" என்று கேட்கப்பட்டது. அவற்றைக் குறித்துத் தனியாக எதுவும் தமக்கு அருளப்படவில்லை என்று கூறிய அண்ணலார், அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் காணப்படும் என்ற ஸில்ஸால் அத்தியாயத்தின் ஆயத்தையே பதிலாக ஓதினார்கள். கழுதைக்குச் சொன்ன பதில் காருக்கும் போதும்.

வேகமும் வெறுக்கப்பட்டதல்ல. மதீனாவில் ஓர் இரவு பீதி ஏற்பட்டபோது, அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில் ஏறி எல்லோருக்கும் முன்னே பாய்ந்து சென்று பார்த்து வந்தவர்கள் நம் நாயகம்தான். திரும்பி வந்து, கடலைப் போல் ஓடுகிறதென்று அந்தக் குதிரையைப் பாராட்டவும் செய்தார்கள். ஆனால் எவரும் முந்த முடியாத அவர்களுடைய அள்பா என்ற ஒட்டகத்தை ஒரு கிராமத்து அரபியின் இளம் ஒட்டகம் முந்தியபோது, ஸஹாபாக்கள் வருந்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் வருந்தவில்லை. உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று தேற்றினார்கள். இன்று 150 குதிரைத்திறன் வாங்கினால் நாளை 200 வந்து முந்தும். முந்துவதற்காக வாங்கியவனுக்கு நிம்மதி ஏது?

கணக்கில் எழுதாத வரி

பில் புத்தகத்தை மூடப் போகும்போது அவரிடம் ஒன்று கேட்டோம். "உங்கள் வாப்பா மவுத்தாகி மூன்று வருடம் இருக்குமா? அக்காவின் பங்கு கொடுத்தாகிவிட்டதா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த அக்கா திண்டிவனத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். கணவர் இல்லை. வாப்பா விட்டுச் சென்ற விழுப்புரம் கடையில் மகனுக்கு இரண்டென்றால் மகளுக்கு ஒன்று. இது அன்னிஸா அத்தியாயத்தில் அல்லாஹ்வே பிரித்து வைத்த பங்கு. "வியாபாரத்தில்தான் இருக்கிறது ஹஜ்ரத். அக்கா கேட்கவில்லை" என்றார்.

"கேட்க வெட்கப்படுகிறவர்களின் ஹக்குதான் பாய் மிகவும் கனமானது. நாளைக்கு நூற்றைம்பது குதிரைகளோடு அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தானே கடைக்குப் போக வேண்டும்?" என்றோம். அவர் கண் கலங்கியது. நம் கண்ணும்தான்.

கார் மாற்ற நினைக்கும் சகோதரர்கள் இந்த வரிசையில் யோசிக்க வேண்டும். முதலில், பிறர் ஹக்கு: பாகப்பங்கு, மனைவியின் மஹர், வாங்கிய கடன், வேலையாட்களின் கூலி. இரண்டாவது, அல்லாஹ்வின் ஹக்கு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் காருக்கு ஜகாத் இல்லை. ஆனால் கார் வாங்குவதற்கென்று சேர்த்து வைத்த பணம் நிஸாபை அடைந்து வருடம் பூர்த்தியானால் ஜகாத் உண்டு. ஹஜ் கடமையானவர் கார் வாங்கிக்கொண்டு ஹஜ்ஜைத் தள்ளிப்போடலாகாது. மூன்றாவது, வட்டி. வட்டியை விடாதவர்களோடு அல்லாஹ்வும் ரஸூலும் போர் அறிவித்திருக்க, ஓர் ஆடம்பரத்துக்காக அதில் இறங்குவது எத்தனை துணிச்சல்! இவை மூன்றும் தீர்ந்த பின்னும் மாதத் தீனியை வருமானத்திலிருந்தே, குடும்பத்தாரின் வயிற்றைச் சுருக்காமல் போட முடியுமென்றால் தாராளமாக வாங்கட்டும். விரயமும் இல்லாமல் கஞ்சத்தனமும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே செலவிடுபவர்களைத்தான் அல்ஃபுர்கான் அத்தியாயம் ரஹ்மானின் அடியார்கள் என்று புகழ்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரேக் பிடிக்காத, டயர் வழுக்கையான காரை வைத்துக்கொண்டு 'எளிமை' என்று சொல்வது பேணுதலாகாது. உயிரைக் காப்பதும் கடமை. பிரேக் அழுத்தும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். சாதனம் 2019-ஆம் ஆண்டு முதல்தான் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயிற்று. அதற்காகப் புதிய கார் தேவைப்படலாம். அதற்கு வேகமான கார் தேவையில்லை. 60 கிலோமீட்டரில் மோதுவதைவிட 120-இல் மோதினால் அடியின் ஆற்றல் நான்கு மடங்கு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பார்க்கப் போகும் நமக்கு, அந்தச் சாலையில் முந்தியவர்களில் சிலரை அங்கே கட்டிலில் பார்க்க நேர்கிறது. அரஃபாவிலிருந்து திரும்பும் கூட்டத்தில் ஒட்டகங்களை விரட்டியவர்களிடமே, நன்மை விரைவதில் இல்லை, நிதானமாகச் செல்லுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சாட்டையால் சைகை காட்டிச் சொல்லியிருக்க, கடை திறக்கப் போகும் நமக்கென்ன அவசரம்?

அந்தச் சகோதரர் இரண்டு மாதம் கழித்து வந்தார். பழைய கார்தான். நான்கு டயரும் பிரேக்கும் புதிதாக மாற்றியிருந்தார். கடையை மதிப்பிட்டு, அக்காவின் பங்கை எழுதி, இரண்டு சாட்சிகளோடு முதல் தொகையைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "மிச்சம் ஒன்றரை வருடத்தில் தீரும் ஹஜ்ரத். அப்புறம் காரைப் பற்றிப் பேசுவோம்" என்று சிரித்தார். அப்போது அவர் கேட்டால், அந்தக் காரில் விக்கிரவாண்டி வரை மீண்டும் ஒருமுறை போய்வர நாமும் ஆவலாகத்தான் இருக்கிறோம்.

வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ். அதன் மீது ஏறும்போது ஓதும் துஆவின் முடிவில், நாம் அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்று சொல்கிறோம். ஒவ்வொரு பிரயாணமும் அந்தப் பிரயாணத்துக்கு ஒத்திகையே. நம் வாகனங்களின் தீனியை நன்மைத் தட்டில் ஏற்றும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.