மறைத்தலும் மறத்தலும்



மனிதன் சுமக்கும் பாரத்தில் பெரும்பகுதி இன்றைய நாளுக்கு உரியது அன்று. இன்றைய கடமை பெரும்பாலும் நம் வலிமைக்கு உட்பட்டதாகவே இருக்கிறது. அதன்மேல் அடுத்த மாதத்தையும் அடுத்த ஆண்டையும் ஏற்றி வைத்துக்கொண்டு, 'தாங்க முடியவில்லையே' என்று வருந்துகிறோம். இந்தப் பாரத்தை இறக்கி வைப்பது எப்படி? இறக்கி வைத்ததைத் தொலைத்துவிடாமல் காப்பது எப்படி? இவ்விரு கேள்விகளையும் சற்றுச் சிந்திப்போம்.

பூக்கடை கற்பிக்கும் பாடம்

பெங்களூரில் 1809-இல் அமைக்கப்பட்ட ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட்டைச் சார்ந்து வளர்ந்த பகுதி சிவாஜிநகர். அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களின் சந்ததியினர் பலர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அங்குள்ள ரஸல் மார்க்கெட் 1927-இல் கட்டப்பட்டது. அதன் அருகே உள்ள புனித மரியன்னை பசிலிக்காவின் திருவிழா ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாள் நடைபெறுகிறது.

அப்பகுதியில் கடை வைத்திருக்கும் பூ வியாபாரி ஒருவரை மனத்தில் எண்ணிப் பாருங்கள். திருவிழாவுக்கு வேண்டிய மாலைகளுக்கு ஜூலை மாதத்திலேயே ஒருவர் முன்பணம் தருகிறார். வியாபாரி அதைக் கணக்கு நோட்டில் நாளிட்டு எழுதி, நோட்டை மூடி வைத்துவிட்டு, எதிரே நிற்பவருக்கு முழம் போடத் தொடங்குகிறார். செப்டம்பர் மாதத்து மாலை நோட்டில் இருக்கிறது; இன்றைய மல்லிகை கூடையில் இருக்கிறது. இரண்டையும் அவர் ஒரே இடத்தில் வைப்பதில்லை. வருங்காலத்தை எண்ணி அவர் கலங்கி நின்றால் கூடையில் உள்ள பூ வாடிவிடும். நோட்டில் எழுதாமல் விட்டிருந்தால் திருவிழா நாளில் வாக்குத் தவறிவிடும்.

இக்காலத்தில் இந்த நோட்டின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டிருக்கிறது. செய்ய வேண்டிய பணிகளைப் பட்டியலிட்டுக் காட்டும் செயலிகள் பல உள்ளன. அவற்றுள் சிலவற்றில் ஒரு பணிக்கு இரண்டு நாட்களைக் குறிக்கலாம். முடிக்க வேண்டிய நாள் ஒன்று. அது நம் கண்ணில் பட வேண்டிய நாள் மற்றொன்று. அந்த இரண்டாவது நாள் வரும்வரை அப்பணி பட்டியலில் தோன்றாது. இது முற்றிலும் புதிய கருத்தும் அன்று. அமெரிக்கரான டேவிட் ஆலன் 2001-இல் வெளியிட்ட 'கெட்டிங் திங்ஸ் டன்' என்னும் நூல், மாதத்தின் நாட்களுக்கு 31, ஆண்டின் மாதங்களுக்கு 12 என மொத்தம் 43 காகித உறைகளை வைத்துக்கொண்டு, அந்தந்த நாளுக்குரிய தாளை அந்தந்த உறையில் இடும் முறையை விளக்கியது.

உளவியல் அறிஞர்களும் இதை ஆராய்ந்துள்ளனர். முடிந்த பணியைவிட முடியாத பணியே நினைவில் அதிகம் தங்குகிறது என்று புளூமா ஸைகார்னிக் என்னும் பெண்மணி 1927-இல் எழுதினார். பின்னர் நடந்த சோதனைகள் அனைத்தும் அவர் கண்ட முடிவையே தரவில்லை. ஆயினும் 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு நமக்குப் பயன்படுவது. ஒரு பணி முடியாவிட்டாலும், அதை எப்போது, எவ்வாறு செய்வோம் என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டால், அது வேறு வேலையின் நடுவே வந்து மனத்தை அரிப்பது குறைகிறது என்று அவர்கள் கண்டனர். தியானத்தில் அமர்ந்தவுடன் வீட்டுவரியும் வருமானவரியும் நினைவுக்கு வருவதாகக் குறைகூறும் அன்பர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம். உரிய நாள் குறிக்கப்படாத கடமைதான் ஜபமாலையின் நடுவே வந்து நிற்கிறது.

மறைத்தலும் அருளே

நம் முன்னோர் இவ்வுண்மையை இன்னும் ஆழமான நிலையில் கண்டனர். சைவ சித்தாந்தம் இறைவனின் தொழில்கள் ஐந்து என்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மறைத்தல் என்பதை ஒரு குறையாகவோ தண்டனையாகவோ அது கருதவில்லை. அதுவும் அருளின் ஒரு வடிவமே என்று கொள்கிறது. நடராஜப் பெருமானின் திருவுருவத்தில் ஊன்றிய திருவடி மறைத்தலைக் குறிக்கும். தூக்கிய திருவடி அருளலைக் குறிக்கும்.

எதை மறைக்கிறான் இறைவன்? வினையை மூன்றாகப் பகுத்து அறிவது நம் மரபு. பல பிறவிகளில் ஈட்டி, சேர்ந்து கிடக்கும் மூட்டை சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென்று பிரித்துத் தரப்பட்ட பகுதி பிராரப்தம். இப்போது செய்து புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். சஞ்சிதம் முழுவதும் ஒருநாள் காலையில் நம் கண்முன் விரிக்கப்பட்டால் என்ன ஆகும்? யாருக்கு என்ன கடன், எப்பிறவியில் எந்தத் துயரம் என்பதெல்லாம் தெரிந்துவிட்டால், படுக்கையை விட்டு எழும் துணிவு எவருக்கு இருக்கும்? முழுப் பட்டியலையும் மறைத்து, இன்றைக்குத் தாங்கக்கூடியதை மட்டும் காட்டுகிறான் கருணாமூர்த்தி.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இறைவன் மறைக்கும்போது கணக்கு அழிவதில்லை. மறைத்து வைக்கப்பட்டது உரிய நாளில், ஒருவரும் அழைக்காமலே வந்து சேரும். மறைப்பவன் உறங்குவதில்லை என்பதே அதற்குக் காரணம். நாம் மறைக்கும்போது கணக்கனும் நாமே. நாம் விழித்திருக்கிறோமா என்பதே கேள்வி.

தீர்க்கஸூத்ரி

சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்து, வைட்ஃபீல்டில் கணினித் துறையில் பணிபுரியும் அன்பர் ஒருவர் ஒருமுறை என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். "சுவாமிஜி, தொலைவில் உள்ள வேலைகளையெல்லாம் பட்டியலிலிருந்து மறைத்து வைத்தேன். மனம் மிகவும் லேசாயிற்று" என்றார். சற்று நேரம் மௌனமாக இருந்தவர் தொடர்ந்தார்: "அப்பாவுக்குப் பார்வை சரியில்லை என்று அம்மா சொன்னார்கள். கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதை அடுத்த மாதத்துக்குக் குறித்தேன். நாள் வந்தது, அலுவலகத்தில் நெருக்கடி. இன்னும் ஒரு மாதம் தள்ளினேன். இப்படி நான்கு முறை. விரலால் ஒருமுறை தொட்டால் அது கண்ணைவிட்டு மறைந்துவிடும், சுவாமிஜி. ஐந்தாம் முறை அழைத்துச் சென்றபோது, கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்."

அவருடைய தந்தை அவரைக் கடிந்துகொள்ளவில்லையாம். "உனக்கு வேலை இருக்கும்ப்பா" என்று மட்டும் சொன்னாராம். அந்தச் சொல்லே தமக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது என்றார் அவர். "இருக்கும் பார்வையைக் காப்பது இன்னும் உங்கள் கையில் இருக்கிறதே, அதை ஒருநாளும் மறைத்து வைக்காதீர்கள்" என்றேன். இப்போது தினமும் இரவு எட்டு மணிக்குத் தந்தையின் கண்ணுக்குச் சொட்டு மருந்து இடுவதை அவரே செய்கிறார். அதற்காகவே பெற்றோருடன் தங்கிவிட்டார்.

பகவத்கீதையின் 18-ஆம் அத்தியாயம் தாமச குணம் கொண்ட கர்த்தாவின் இயல்புகளைக் கூறும்போது 'தீர்க்கஸூத்ரி' என்றொரு சொல்லைப் பயன்படுத்துகிறது. நூலை நீளமாக இழுத்துக்கொண்டே போகிறவன் என்பது அதன் நேர்ப்பொருள். இன்று அல்லது நாளை முடிய வேண்டிய காரியம் மாதம் கடந்தும் முடியாமல் கிடக்கும் நிலையை இச்சொல் சுட்டுவதாக ஆதிசங்கரர் தம் பாஷ்யத்தில் விளக்குகிறார். நாள் குறித்து மறைத்தல் சத்துவம். வந்த நாளை மீண்டும் மீண்டும் தள்ளி மறைத்தல் தமஸ். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே செயலாகத் தோன்றும். இரண்டிலும் பட்டியல் சுருங்கும், இரண்டிலும் மனம் லேசாகும். ஆகையால்தான் இங்கு விவேகம் தேவைப்படுகிறது.

விவேகத்தின் மூன்று கேள்விகள்

ஒரு பணியைக் கண்ணிலிருந்து மறைக்கும் முன் நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம்.

முதலாவது: இந்த நாளைக் குறித்தது எது? காப்பீட்டுத் தவணைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அவற்றுக்கே உரிய நாள் உண்டு. அதுவரை அவற்றை மறைப்பது நியாயமே. நம் சோம்பலோ அச்சமோ குறித்த நாளாக இருந்தால் மறைத்தல் தகாது.

இரண்டாவது: மறுமுனையில் யாரேனும் காத்திருக்கிறார்களா? தாளும் ரசீதும் காத்திருந்தால் அவற்றுக்கு வலிக்காது. முதியவர், நோயாளி, நம்மிடம் மன்னிப்பை எதிர்நோக்குபவர், கூலி பெற வேண்டிய தொழிலாளி ஆகியோர் காத்திருந்தால், நம் பட்டியலில் மறைந்த அப்பணி அவர்கள் கண்முன் ஒவ்வொரு நாளும் நிற்கிறது.

மூன்றாவது: இதை முன்பு எத்தனை முறை தள்ளினேன்? ஒருமுறை தள்ளியதற்குக் காரணம் இருக்கலாம். இரண்டாம் முறை தள்ளும்போது எச்சரிக்கை கொள்ள வேண்டும். மூன்றாம் முறை என்றால், அதை அன்றே செய்ய வேண்டும். அல்லது செய்யப் போவதில்லை என்று உரியவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

வாரத்தில் ஒருநாள், பூஜை முடிந்தபின் கால்மணி நேரம் ஒதுக்கி, மறைத்து வைத்தவை அனைத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பூ வியாபாரியும் கடையைச் சாத்தும் முன் நோட்டைப் புரட்டித்தான் வைப்பார்.

பீமன் முழக்கிய முரசு

மகாபாரதத்தையொட்டி வழங்கிவரும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. தருமபுத்திரரிடம் இரவலர் ஒருவர் வந்து பொருள் கேட்டார். வேறு அலுவலில் இருந்த தருமர், "நாளை வாருங்கள்" என்றார். அதைக் கேட்ட பீமன் வெற்றி முரசை எடுத்து முழக்கத் தொடங்கினான். காரணம் கேட்டபோது, "என் அண்ணா காலத்தையே வென்றுவிட்டார், நாளை வரை தாம் இருப்பதும், இவர் இருப்பதும், கொடுக்கும் மனம் இருப்பதும் உறுதி என்று அறிந்துவிட்டார்" என்றான். தருமர் உடனே இரவலரை அழைத்துக் கொடுத்தார்.

நம் கைப்பேசியில் ஒரு பணியை அடுத்த மாதத்துக்கு நகர்த்தும் ஒவ்வொரு முறையும் நாமும் காலத்தை வென்றவர்கள்போல் நடந்துகொள்கிறோம். வரிக்கும் வாடகைக்கும் அப்படி நடப்பதில் தவறில்லை. உலகியல் அவ்வாறுதான் இயங்க முடியும். ஆனால் இறைவனை நினைத்தல், பெற்றோரைப் பேணுதல், பிணங்கியவரோடு இணங்குதல், பசித்தவருக்கு ஈதல் ஆகியவற்றுக்குத் தொலைவான நாள் என்று ஒன்று கிடையாது. அவை என்றும் இன்றைய பட்டியலுக்கு உரியவை.

நாளைக்குரியதை நாளையின் நாயகனிடம் ஒப்படைத்து, இன்றைக்குரியதை முழுமனத்துடன் செய்யும் ஆற்றலையும், இவ்விரண்டையும் பிரித்தறியும் விவேகத்தையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!