ஓர் எறும்பு கடித்ததற்காக...

வானத்தையும் பூமியையும் அவற்றிலுள்ள படைப்பினங்களையும் சிந்தித்துப் பார்க்கும்படி திருமறை நம்மைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. தேனீயின் பெயரால் ஓர் அத்தியாயம். எறும்பின் பெயரால் ஓர் அத்தியாயம். அத்தியின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஓர் அத்தியாயம். ஓதுகிறோம். ஆனால் அத்தியையும் எறும்பையும் நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள், பஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு, மகனுடன் குற்றாலத்தை அடுத்த மலையடிவாரக் காட்டுப் பாதையில் நடந்தேன். சாரல் தொடங்காத காலம். ஓடை வறண்டு கிடந்தது. காலடியில் சருகுகள் நொறுங்கின. கரையில் நின்ற அத்தி மட்டும் அடிமரமெல்லாம் காய்த்துக் குலுங்கியது. மகன் ஒரு பழத்தைப் பிட்டான். உள்ளே சின்னஞ்சிறு பூச்சிகள். "சீ, சொத்தை!" என்று வீசி எறிந்தான்.

சொத்தையா அது? அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே பூக்கின்றன. எள்ளளவே உள்ள ஒரு குளவி, காயின் நுனியிலுள்ள குறுகிய துளை வழியே, சிறகு ஒடிய உள்ளே நுழைகிறது. கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. அதன் சந்ததியில் ஆண்களுக்குச் சிறகில்லை. அவை வெளியே செல்ல வழி குடைந்துவிட்டு இறக்கின்றன. பெண் குளவிகள் அவ்வழியே மகரந்தத்துடன் பறந்து செல்கின்றன. அந்தக் குளவி இல்லையேல் அத்திக்கு வித்தில்லை. குறை என்று நாம் எறிந்தது அம்மரத்தின் உயிர்நாடி!

சற்றுத் தள்ளி, தாழ்ந்த கிளையொன்றை இழுத்த மகன் 'வாப்பா!' என்று அலறினான். கையெல்லாம் முசுறு. தட்டிவிட்டேன். "கூட்டைக் கொளுத்துங்கள் வாப்பா!" என்று அழுதான். எனக்கும் ஆத்திரம், கீழே கிடந்த கம்பை எடுத்து ஓங்கிவிட்டேன்.

அப்போதுதான் அந்த ஹதீஸ் நெஞ்சில் தைத்தது. முற்கால நபி ஒருவரை எறும்பு கடித்தது. அவர் எறும்புப் புற்றையே எரிக்கச் செய்தார். ஓர் எறும்பு கடித்ததற்காகத் தன்னைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே எரித்துவிட்டீரே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது.

கம்பைக் கீழே போட்டேன். விலகி நின்று பார்த்தோம். மகன் இழுத்ததில் கூட்டின் ஓரம் பிய்ந்திருந்தது. எறும்புகள் வரிசையாக நின்று, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, இலையின் இரு விளிம்புகளையும் இழுத்துச் சேர்த்தன. வேறு சில, தம் புழுக்களை வாயில் கவ்விவந்து, தறியில் நாடா ஓடுவதுபோல் இங்குமங்கும் கொண்டுசென்றன. புழு விடும் பட்டிழையால் இலைகள் ஒட்டின. வீட்டைப் பிய்த்தவர்கள் நாம், குற்றவாளியாக்கியது அவற்றை!

"அப்படியானால் தேளையும் பாம்பையும் அடிக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். தொழுகையில் இருக்கும்போதுகூட அவற்றைக் கொல்ல நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். தீங்கை அகற்றுவது வேறு. கோபத்தைத் தீர்த்துக்கொள்வது வேறு. முன்னதற்கு ஓர் அளவுண்டு, பின்னதற்கு இல்லை. கடித்த ஒன்றைத் தட்டிவிடுவதோடு தேவை முடிகிறது. கம்பை ஓங்கிய கைக்கு அதன்பின் என்ன வேலை?

ஸுலைமான் (அலை) அவர்களின் படை வந்தபோது, அவர்கள் அறியாமல் நம்மை நசுக்கிவிடக் கூடும் என்றே எறும்பு தன் கூட்டத்தை எச்சரித்ததாகத் திருமறை கூறுகிறது. 'அறியாமல்' என்று நம் மீது நல்லெண்ணம் வைத்தது அந்தச் சிற்றுயிர். அதைக் கேட்டுப் புன்னகைத்த நபி, தமக்கு அருளப்பட்டவற்றுக்கு நன்றி செலுத்தும் பாக்கியத்தை இறைவனிடம் வேண்டினார்கள். ஆட்சியும் படையும் உடையவர் எறும்பின் முன்னே காட்டிய பணிவு அது.

அறிந்தே மிதிப்பவர்களாக நாம் ஆகிவிடாமல் வல்ல ரஹ்மான் காப்பானாக! ஆமீன்.