அழுக்கு எங்கே போகிறது?

விடுமுறைக் காலையொன்றில், தமது மோட்டார்க் காரின் முன்மூடியைத் திறந்து, எஞ்சினிற் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தாமே கழுவ முற்படும் ஆசிரியர் ஒருவரைக் கண்டால் நாம் மகிழ்வோம். ஏடும் எழுத்தும் நமக்குரியவை, கை கறுக்கும் வேலை பிறர்க்குரியது என்ற பழைய பிரிவினையை அவர் தம்மளவிலேனும் உடைக்கிறார் அல்லவா? ஆயினும், அவர் முன் ஒரு கேள்வி நிற்கிறது: எஞ்சினை விட்டு நீங்கும் அழுக்கு எங்கே போகிறது?

பிசுக்கு நீக்கும் சவர்க்காரக் கரைசல் எண்ணெயை அழிப்பதில்லை. அதனை நுண்ணிய துளிகளாக உடைத்து, நீரோடு ஓடச் செய்கிறது; அவ்வளவே. துப்புரவு என்று நாம் கூறுவது பெரும்பாலும் அழுக்கை இடம் மாற்றுவதே. ஆகவே, கழுவப்பட்ட பொருளின் பளபளப்பை மட்டும் கண்டு அச்செயலை நன்றென்று கூறிவிட முடியாது. அழுக்குச் சென்று சேர்ந்த இடத்தையும் காண வேண்டும்.

சென்ற நூற்றாண்டுகளில் அது பெரும்பாலும் ஏழையின் உடலையே சென்று சேர்ந்தது. இலண்டன் நகரத்து அறுவை மருத்துவர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரைப் பீடித்த புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணமென 1775 இல் எழுதினார். செல்வரின் அடுப்புச் சுத்தமாயிற்று. சிறு வயதிலேயே அத்தொழிலுக்குத் தள்ளப்பட்டவனின் தோல் அதற்கு விலை கொடுத்தது. புகைக்கரியிலுள்ள அதே இனத்து ஐதரோகாபன்கள் பாவித்துக் கழித்த எஞ்சின் எண்ணெயிலும் உள்ளன. கராஜில் வேலை பழகும் சிறுவன் அவ்வெண்ணெய் படிந்த கைகளைப் பெற்றோலாற் கழுவுவதைக் கண்டும் காணாதவர்போல் நாம் எத்தனை முறை நடந்திருக்கிறோம்!

எனவே, தாமே கழுவ முன்வந்தவர் முதலில் தம் உடலைக் காக்கட்டும். எஞ்சின் நன்கு ஆறியிருக்க வேண்டும். பற்றறியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். பெற்றோல் ஒருபோதும் ஆகாது: அதன் ஆவி காற்றினும் கனமானது, நிலத்தோடு பரவிச் சென்று, எங்கோ தோன்றும் ஒரு பொறியிற் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயும் சூடான எஞ்சினில் ஆபத்தானதே. எரிசோடா அலுமினியத்தை அரிக்கும். நீரிற் கரையும் பிசுக்கு நீக்கியும், கையுறையும், ஒரு தூரிகையும் போதும். மின் உறுப்புகளையும் காற்று உட்புகும் வாயையும் பொலித்தீனால் மூடி, மெல்லிய நீரோட்டத்தாற் கழுவி, நன்றாக உலரவிட்டபின் எஞ்சினை இயக்கலாம்.

இவை தன்னைக் காக்கும் முறைகள். அயலாரைக் காப்பதற்கு மேலும் சிறிது உழைப்பு வேண்டும். தடித்த பிசுக்கை முதலில் மரச் சீவலாற் சுரண்டி, பழந்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காரின் கீழே தட்டும் மரத்தூளும் வைத்து, வடியும் நீரை நிலத்திற்கோ கானுக்கோ விடாமற் சேர்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத அக்குடாநாடு, சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கும் மழைநீரை நம்பி வாழ்கிறது. நிலத்தின் மேலே வேலி உண்டு. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. என் வளவில் ஊற்றியது அயலவன் கிணற்றில் ஊறலாம். சுன்னாகத்து மின்னிலையச் சூழலிற் கிணறுகள் எண்ணெயால் மாசுற்றமை தொடர்பான வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டுமென்ற நெறியை ஏற்று, 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது.

“பெரு நிறுவனங்கள் செய்யும் கேட்டின் முன் என் ஒரு வாளி எம்மாத்திரம்?” என்று நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அளவில் இரண்டும் ஒன்றல்ல. தனிமனிதர் ஒழுக்கத்தைப் போதித்து, ஆலைகளின் குற்றத்தை மறைப்பவரோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால், இலாபத்தை எனதாக்கி அழுக்கைப் பொதுவாக்கும் மனப்பான்மை இரண்டிலும் ஒன்றே. வாளியளவில் அதனை ஏற்பவர், ஆலையளவில் அதனை எந்த வாயால் எதிர்ப்பார்?

இங்கே இன்னொன்றும் புலனாகிறது. சேர்த்தெடுத்த எண்ணெயைப் போத்தலில் அடைத்து நிற்கும் நம் ஆசிரியர் அதனை எங்கே கொண்டுசெல்வார்? கராஜில் ஒப்படைத்தால், கராஜ்காரர் அதனை எங்கே ஊற்றுவார்? தனிமனிதரின் நேர்மை அவரது வாசற்படலையோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வேண்டுவது பொது ஏற்பாடு: கழிவெண்ணெயைச் சேர்க்கும் இடம், அதைக் கையாளும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு, மீறுவோர்க்குத் தண்டனை. இவற்றை ஊராட்சி மன்றங்களிடம் கேட்டுப் பெறுவது நம் கடமை.

அந்தப் போத்தலை ஏந்தியபடியே கேட்போம். வெறுங்கையோடு கேட்பதைவிட அக்கேள்விக்கு வலிமை அதிகம்.