வாசலில் கிடந்த நாயும் வாடகை வீடும்



 

அடியேன் ஆயர் தாவாரில் மளிகைக் கடை நடத்தி வருபவன். மத்ரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு கல்வி எனக்கில்லை. ஆகவே ஃபத்வாக் கொடுக்க நான் முன்வரவில்லை. நான் செய்த ஒரு பிழையையும், அதில் கற்ற பாடத்தையும் உங்கள்முன் வைக்கவே எழுதுகிறேன்.

நம்மில் பலர் கடை மாடியையோ, தாமானில் ஒரு வீட்டையோ வாடகைக்கு விட்டிருக்கிறோம். நாய் வளர்ப்பவருக்கு வீடு தரலாமா, எந்த ஜாதி நாயை அனுமதிக்கலாம், எதைத் தடுக்கலாம் என்ற கேள்வி நமக்கு அடிக்கடி வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எனது வீடொன்று காலியாக இருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் கேட்டு வந்தார். தோட்டம் செம்பனையாக மாறி, லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை அவருக்கு. கடை வாசலுக்கு வெளியே பழுப்பு நிற நாட்டு நாயொன்று படுத்துக் கிடந்தது. இருட்டோடு மரம் வெட்டப் போகையில் பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் அதுதான் துணை என்றும், ஆட்டுப் பட்டிக்கும் அதுவே காவல் என்றும் சொன்னார்.

"ஐயா, நாங்கள் முஸ்லிம்கள். நாய் இருந்தால் வீடு தருவதற்கில்லை," என்றேன்.

"சரிங்க முதலாளி," என்று போய்விட்டார்.

அடுத்த மாதமே நல்ல உத்தியோகத்தில் உள்ள வேறொருவர் வந்தார். கேட்ட வாடகைக்கு மேல் கொடுத்தார். மூன்று மாத முன்பணமும் வைத்தார். நாய் உண்டா என்று நான் கேட்கவேயில்லை. குடியேறிய வாரமே ராட்வைலர் நாய் ஒன்று வந்து இறங்கியது. முன்பணம் பெட்டிக்குள் போய்விட்டபடியால் நான் வாய் திறக்கவில்லை. அடைக்காத கேட் வழியே அது வெளியே பாயும். அண்டை வீட்டுச் சிறுவன் குர்ஆன் ஓதப் போகவே பயந்தான். அவன் தகப்பனார் பள்ளிவாசலில் முறையிட்டார். ஹஜ்ரத் அவர்கள் என்னை அழைத்து ஒரே கேள்வி கேட்டார்கள்:

"அன்று அந்தப் பெரியவருக்கு மார்க்கம் சொன்னீரே, இன்று அந்த மார்க்கம் எங்கே போயிற்று?"

சகோதரர்களே! எனக்குப் பதில் இல்லை. நான் நாயின் ஜாதியைப் பார்க்கவில்லை. மனிதனின் நிலையைப் பார்த்தேன். ஏழையை மறுக்க நாயைச் சாக்காகவும், மார்க்கத்தைத் திரையாகவும் வைத்துக் கொண்டேன்.

மார்க்கம் சொல்வதென்ன? நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவவும், அதில் ஒரு முறை மண்ணால் கழுவவும் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்றும் எச்சரித்தார்கள். வேட்டைக்கும், மந்தைக்கும், விளைநிலத்துக்கும் வைக்கும் நாய்க்கு விலக்கு உண்டு. இவற்றை நாம் மதரஸாப் பிள்ளைகளாய் இருந்தபோதே கேட்டிருக்கிறோம்.

ஆனால் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்கு, காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்த செய்தியும் அதே ஹதீஸ் கிதாபுகளில்தான் இருக்கிறது. சூரத்துல் கஹ்ஃபில் குகைவாசிகளின் நாய், முன்னங்கால்களை நீட்டி வாசலில் கிடந்ததை இறைவனே எடுத்துச் சொல்கிறான். அது உள்ளே வரவில்லை, விரட்டப்படவும் இல்லை. அதற்கென்று ஓர் இடம் இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இஹ்ராம் கட்டியவரும் கொல்லலாம் என்று அனுமதிக்கப்பட்ட தீங்கு செய்யும் பிராணிகளில் நாயும் வருகிறது. ஆயினும் எல்லா நாயும் அல்ல, கடித்துக் குதறும் நாய். அங்கே பார்க்கப்படுவது அதன் செயல்.

இனி அரசாங்கத்தின் வழியைப் பார்ப்போம். நம் நாட்டில் கால்நடை மருத்துவச் சேவைத் துறை பிட்புல், ஜப்பானிய டோசா, அகிதா, டோகோ அர்ஜென்டினோ போன்ற ஜாதிகளைத் தடை செய்திருக்கிறது. ராட்வைலர், டாபர்மேன், அல்சேஷன் போன்றவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அடுக்குமாடிகளுக்கு 2015 ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. மற்றவர்க்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் பிராணியை அங்கே வைக்கக் கூடாது.

சிங்கப்பூரின் வீடமைப்புக் கழக அடுக்குவீடுகளில் நெடுங்காலமாகவே வீட்டுக்கு ஒரு நாய் என்றும், அதுவும் அங்கீகாரம் பெற்ற 62 சிறு ஜாதிகளில் ஒன்றாக இருக்கவேண்டும் என்றும் விதி வைத்தார்கள். அங்கும் 2012 முதல் கலப்பு நாய்களைத் தத்தெடுக்க ஒரு தனித் திட்டம் வந்தது. பிரிட்டனில் 1991 ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு ஜாதிகளைத் தடுத்தது; பிறகு எக்ஸ்எல் புல்லி என்ற ஜாதியையும் சேர்க்க வேண்டி வந்தது. இந்தியாவில் 2024 மார்ச்சில் 23 ஜாதிகளுக்கு உரிமம் தரவேண்டாம் என்று மத்திய அரசு எழுதியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்துச் செய்தது. மே மாதமே சென்னை ஆயிரம் விளக்கில், பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஜாதிப் பட்டியல் வீணல்ல. பெரிய தாடையுள்ள நாய் கடித்தால் காயமும் பெரிது. ஆனால் பட்டியல் மட்டும் போதாது. கட்டாமல் விடும் எஜமானனிடம் எந்த நாயும் ஆபத்து. ஆகவே அரசாங்கம் தடுத்ததை நாமும் தடுப்போம். மற்றதில் நாயின் குணத்தையும், வளர்ப்பவரின் பொறுப்பையும் பார்ப்போம்.

ஹஜ்ரத் அவர்களோடு கலந்து, என் வீட்டு ஒப்பந்தத்தில் இப்போது நான் எழுதும் ஷரத்துகள் இவை. நாய் உண்டா என்பதை முன்பணம் வாங்குமுன் கேட்க வேண்டும். தடை செய்யப்பட்ட ஜாதி கூடாது. நகராண்மைக் கழக உரிமம் இருக்க வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும். 2015 இல் பினாங்கு, கெடா, பெர்லிஸிலும், 2017 இல் சரவாக்கிலும் அந்த நோய் தலைகாட்டியதை மறக்கலாகாது. கேட் அடைத்திருக்க வேண்டும். வெளியே கயிற்றோடுதான் நடத்த வேண்டும். நாய்க்கு இடம் பின்கட்டு முற்றம். வீட்டைக் காலி செய்கையில் நாயைத் தெருவில் விட்டுப் போகக் கூடாது. இந்த ஷரத்துகள் சீனர், தமிழர், உத்தியோகஸ்தர், கூலிக்காரர் எல்லோர்க்கும் ஒன்றே.

கடை மாடியில் நம் குடும்பமும் வாழ்கிறது, படிக்கட்டும் ஒன்றே என்றால், "இங்கே நாய் முடியாது" என்று சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. அதை முதலிலேயே, மரியாதையாக, உண்மையான காரணத்தோடு சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாததை நடுவிலே புகுத்தாதீர்கள். வாக்குகளை நிறைவேற்றச் சொன்னவன் அல்லாஹ். நாய் இருந்த வீட்டுக்கு முஸ்லிம் குடிவந்தால், அசுத்தம் பட்டது நிச்சயமான இடத்தை முறைப்படி கழுவினால் போதும். வெறும் சந்தேகத்தை வைத்துச் சுவரையெல்லாம் இடிக்க வேண்டியதில்லை. உறுதியைச் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹின் சட்டம்.

ராட்வைலர்காரர் ஒப்பந்தம் முடிந்து போனார். அதுவரை கேட்டை என் செலவில் பழுதுபார்த்துப் பூட்டும் போட்டுக் கொடுத்தேன். அந்தச் சிறுவனின் தகப்பனாரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். நாய் ஏற்காத ஓர் அறையில் ஒண்டியாக இருந்தார். நாயை லயத்திலேயே விட்டு வந்தாராம். இரண்டு முறை சோறு கொண்டுபோய்ப் பார்த்தாராம், மூன்றாம் முறை அதைக் காணவில்லையாம்.

"ஐயா, பிழை என்னுடையது. மன்னிக்க வேண்டும்," என்றேன்.

"நீங்க என்ன செய்வீங்க முதலாளி? உங்க சமயம் அப்படி," என்றார்.

அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் என் நெஞ்சில் ஆணியாய் இறங்கியது. குற்றம் என்னுடையது, பழி என் தீனுக்குப் போயிற்று! "இல்லை ஐயா, என் சமயம் அப்படியில்லை, நான்தான் அப்படி," என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் நம்பினாரோ இல்லையோ, அல்லாஹ் அறிவான்.

சகோதரர்களே! அண்டை வீட்டாருக்கும் சொத்தில் பங்கு வந்துவிடுமோ என்று நபிகள் நாயகம் (ஸல்) எண்ணும் அளவுக்கு, ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டையாரைப் பற்றி வலியுறுத்தினார்கள். நம் வீட்டில் குடியிருப்பவரும், நம் வாசலில் வீடு கேட்டு நிற்பவரும் யார்? நாளை நம் வாசலுக்கு ஒருவர் வந்தால், முதலில் அவருக்கு ஸ்டூல் எடுத்துப் போடுங்கள். பிறகு நாயைப் பற்றிக் கேளுங்கள். தரமுடியாது என்றால் உங்கள் காரணத்தை உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். மார்க்கத்தின் பெயரை அது சொல்லாத இடத்தில் இழுக்காதீர்கள்.

நம் வியாபாரத்திலும், வாடகையிலும், வாக்கிலும் நேர்மையை அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.