விழாத கோலை அறிவது எப்படி?

செய்த செயலைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுவது எளிது. நடக்கவிருந்ததை நடக்கவிடாமல் தடுப்பதையே தொழிலாகக் கொண்டவரை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பது, விளையாட்டரங்கில் எழுந்தாலும், தருக்க நூல்களுக்கு உரிய கேள்வியாகும். அமெரிக்கக் காற்பந்தில், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை எதிரணியினர் நெருங்காதபடி முன்வரிசையில் ஐவர் மறித்து நிற்கின்றனர். கல்லூரி அணிகளிலிருந்து அத்தகையோரைத் தொழில்முறைக்குத் தேர்வோர் 40 கஜ ஓட்டத்தின் நேரத்தையும், 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறார்கள் என்பதையும் அளந்தாலும், தடுத்தலை அவ்வாறு அளக்க இயலுவதில்லை. சிங்கப்பூரில் கேலாங் வட்டாரத்தின் பெயரைத் தாங்கி, 1996-இல் அந்நாட்டுத் தொழில்முறைக் காற்பந்துப் போட்டியான எஸ்-லீக்கின் முதல் சாம்பியனான கிளப் ஓர் இளம் தற்காப்பு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே சிக்கல்தான் எழுகிறது.

1998 செப்டம்பரில், ஹனோயில் நடைபெற்ற டைகர் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் வியட்நாமை 1-0 என வென்றது. அந்த ஒரே கோலைப் போட்டவர் தற்காப்பு ஆட்டக்காரரான ஆர். சசிகுமார் என்பதை ரசிகர்கள் இன்றும் சொல்வர். ஆனால் அந்தக் கோலுக்கு வெற்றியின் மதிப்பைத் தந்தது, சொந்த மண்ணில் ஆடிய வியட்நாம் கடைசிவரை ஒரு கோலும் போடாமற்போனதே என்பதை நினைப்பவர் குறைவு.

இவ்வாறு நிகழாத ஒன்றை அறிவது எப்படி என்பதைத் தருக்க நூலார் ஆராய்ந்துள்ளனர்; அறிவைத் தரும் வாயிலை அவர்கள் அளவை என்பர். சைவ சித்தாந்த மரபில், 13-ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைக் கொண்டு, ஏனையவற்றை அவற்றுள் அடக்குகிறது. குமாரில பட்டரின் மீமாம்சைத் தத்துவ மரபோ இன்மையை அறிவதற்குத் தனி அளவை வேண்டும் என்கிறது. எனினும், இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டிருக்கும் என்னும் நிலையில்தான் காணாமை இன்மைக்குச் சான்றாகும் என்றும் அது வரையறுக்கிறது. வெளிச்சத்தில் தரையில் குடத்தைக் காணாவிடில் குடம் இல்லை எனலாம். இருட்டில் அவ்வாறு சொல்ல முடியாது. தேர்வாளர் மறக்கக்கூடாத நிபந்தனை இதுவே: கோல் போடத் திறனற்ற எதிரணிக்கு எதிராகக் கோல் விழவில்லை என்பது எதையும் மெய்ப்பிக்காது. ஆகவே ஆட்ட முடிவை விட்டு, பந்து வருமுன் அந்த இளம் தற்காப்பு ஆட்டக்காரர் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறாரா, எதிராளி திசை மாற்றும்போது எடையை எந்தக் காலில் வைத்திருக்கிறார் என்பவற்றை நோக்க வேண்டும்.

இதனினும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இன்மையை வகுக்கும் தருக்க நூலார், இனித் தோன்றவிருப்பது இப்போது இல்லாதிருத்தலை முன்னின்மை என்றும், எக்காலத்தும் இல்லாமையை என்றுமின்மை என்றும் பிரிக்கின்றனர். பதினேழு வயதினரிடம் காணாத திறன் இவற்றுள் எது என்பதை அன்றைய ஆட்டம் காட்டாது. வெளிப்படாதது இல்லாததாகிவிடாது என்பதே, விளைவு காரணத்தினுள் முன்பே உள்ளது எனக் கொள்ளும் சைவ சித்தாந்தத்தின் சற்காரியவாதமும் ஆகும். சிங்கப்பூரில் இளைஞர்கள் ஏறத்தாழப் பதினெட்டு வயதில் ஈராண்டு முழுநேரத் தேசிய சேவைக்குச் செல்வதால், உடலும் மனமும் உரம்பெறும் அந்தப் பருவத்தின் பெரும்பகுதி தேர்வாளரின் கண்ணுக்கு எட்டாமலே கழிகிறது. சேவைக்கு முன் கைவிடப்பட்டவரை, அது முடிந்தபின் மீண்டும் அழைத்து ஆடவைத்துப் பார்ப்பது சலுகையன்று; முன்னர் எடுத்த முடிவு முன்னின்மையை என்றுமின்மையாகக் கொண்டதா என்று சோதிக்க அதைவிட நேர்மையான வழி கிளப்புகளுக்கு இல்லை.